பிட் மாறாத பாட்டு

ஒரே பாட்டு, ஒரே ஹெட்போன், ஒரே லேப்டாப். பிளேயரை மட்டும் மாற்றினால் ஒலி மாறுமா? “இதில் குரல் முன்னால் வந்து நிற்கிறது, அதில் பாஸ் இறுக்கமாக விழுகிறது” என்று அடித்துச் சொல்லும் இசைப் பிரியர்கள் ஏராளம். காசு கொடுத்து வாங்கும் பிளேயர்களில் சில இந்த நம்பிக்கையை வைத்தே விற்பனையாகின்றன. முறையாக அமைத்துவிட்ட இரண்டு பிளேயர்களுக்கு இடையே ஒலியில் வித்தியாசமே இருக்காது என்பது என் கட்சி. ஆனால் வாங்கி வந்தபடியே முறையாக அமைந்திருக்கும் கணினி அபூர்வம். அதனால் வித்தியாசம் கேட்கிறது என்று சொல்பவரை எடுத்த எடுப்பில் மறுத்துவிடவும் முடியாது. அவர் காதுக்கு வரும் வழியில் எங்கோ எண்கள் மாறியிருக்கலாம். எங்கே மாறின, யார் மாற்றினார்கள் என்று தேடிப் போனால்தான் ஒவ்வொரு பிளேயரின் குணமும் தெரியவரும்.

கணினிக்குள் இருக்கும் பாட்டு ஓர் எண் வரிசை. ஃபிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1980-ல் வகுத்த சிடி தரத்தின்படி, ஒலி அலையின் உயரம் வினாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எண், அதாவது 65,536 படிகளில் ஏதோ ஒன்று. இடது, வலது என்று இரண்டு சேனல். கணக்குப் போட்டால் வினாடிக்கு 1,76,400 பைட். கேட்க வேண்டிய உச்ச அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால் அலையை அப்படியே மீட்டுவிடலாம் என்கிறது நைக்விஸ்ட், ஷானன் பெயரால் வழங்கும் தேற்றம். மனிதக் காதின் எல்லை ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். ஆக, 44.1 போதும். 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடம் கிடைக்கிறது.

பிளேயரின் முதல் வேலை கோப்பைத் திறந்து இந்த எண்களை வெளியே எடுப்பது. இதில் பிளேயருக்குப் பிளேயர் திறமை வேறுபடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘வேவ்’ கோப்பாக வைத்தால் ஃபிளாக்கைவிட நன்றாக ஒலிக்கிறது என்றுகூடச் சொல்வார்கள். ஜோஷ் கோல்சன் 2001-ல் வெளியிட்ட ஃபிளாக், இழப்பில்லாமல் சுருக்கும் முறை. சுருக்கும்போதே மூல எண்களிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற ஒரு முத்திரையைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதி வைத்துவிடுகிறது. விரித்த பிறகு அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம். ஒரு பிட் பிசகினாலும் முத்திரை பொருந்தாது. ஃபூபார்2000 போன்ற பிளேயர்களில் இந்தச் சரிபார்ப்பை ஒரு முழு ஆல்பத்துக்கும் சேர்த்தே ஓட்டிவிடலாம். எந்த பிளேயர் விரித்தாலும் ஃபிளாக்கிலிருந்து வெளிவருவது அதே எண்கள்தான். இந்தக் கட்டத்தில் பேச வேறொன்றும் இல்லை.

சிக்கல் அடுத்த அடியில் தொடங்குகிறது. பிளேயர் எடுத்த எண்கள் நேராக டிஏசிக்கு, அதாவது எண்ணை மின்னலையாக மாற்றும் சில்லுக்கு, போவதில்லை. நடுவில் இயங்குதளம் உட்கார்ந்திருக்கிறது. பாட்டு ஓடும்போதே மின்னஞ்சல் வந்தால் ‘டிங்’ என்று ஒலிக்க வேண்டும், பிரவுசரில் ஒரு வீடியோவும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து ஒரே ஓட்டமாக அனுப்ப ஒரு மிக்ஸர் தேவை. கலக்க வேண்டுமென்றால் எல்லா ஓட்டங்களும் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் கணினிகளில் அந்த வேகம் பெரும்பாலும் 48,000 என்று வைக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் வீடியோ உலகின் வழக்கம் 48 கிலோஹெர்ட்ஸ். சிடியிலிருந்து எடுத்த பாட்டோ 44,100.

இரண்டுக்கும் உள்ள விகிதம் 147-க்கு 160. மூலப் பாட்டில் 147 அளவுகள் இருந்த இடத்தில் இப்போது 160 அளவுகள் வேண்டும். மூலத்தின் புள்ளிகளும் புதிய புள்ளிகளும் 147-க்கு ஒருமுறைதான் ஒன்றின் மேல் ஒன்று வந்து அமரும். நடுவில் உள்ள எல்லாமே அக்கம்பக்கத்து எண்களை வைத்துக் கணக்கிட்டுப் புதிதாக எழுதப்பட்டவை. நல்ல கணக்குமுறை இதைப் பிழையே காதில் விழாத அளவுக்குச் செய்துவிடும். அவசரக் கணக்கு, உச்ச அதிர்வெண்களில் மூலத்தில் இல்லாத மெல்லிய சலனங்களை விட்டுச் செல்லும். விண்டோஸ் மிக்ஸர் வேறொன்றும் செய்கிறது. முழு அளவை எட்டும் உச்சங்கள் வெடித்துவிடாமல் இருக்க, கடைசியில் ஒரு லிமிட்டர் வைத்து அவற்றை அழுத்துகிறது. இன்றைய சினிமாப் பாடல்கள் உச்சத்தை உரசியபடியேதான் மாஸ்டர் செய்யப்படுகின்றன. அந்த லிமிட்டருக்கு ஓய்வே கிடையாது.

இதற்கெல்லாம் மேலே, லேப்டாப் தயாரிப்பாளர் சேர்த்து அனுப்பும் ‘ஒலி மேம்பாடு’ வகையறா. சின்னஞ்சிறு ஸ்பீக்கரில் பாஸ் இருப்பதாகத் தோன்ற வைக்கவும், வசனம் தெளிவாகக் கேட்கவும் செய்த ஏற்பாடு அது. நல்ல ஹெட்போனைச் செருகிய பிறகும் அது அணையாமல் இருந்தால் பாட்டின் முகமே மாறிப்போகும். இதற்கு முன்னால் மற்ற மாற்றங்கள் எல்லாம் தூசு. ஒலித்தரம் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அதைத் தேடிப் பிடித்து அணையுங்கள் என்றுதான். புதிய பிளேயரைத் தேடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மிக்ஸரைச் சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த வாசாப்பி என்ற ஒலிவழியில் இரண்டு முறைகள். ஒன்று எல்லோரும் பகிரும் முறை. இன்னொன்று எக்ஸ்க்ளூசிவ் முறை: ஒரு பிளேயர் டிஏசியை முழுக்கத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும், மற்ற ஒலிகள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். பாட்டு 44,100 என்றால் டிஏசியும் 44,100-க்கு மாறும், அடுத்த பாட்டு 96,000 என்றால் அதற்கு மாறும். ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக 90-களில் உருவாக்கிய ஏசியோவும் இதே போலக் குறுக்கு வழி. மேக்கில் கோர் ஆடியோவும் ஒரு செயலி சாதனத்தைத் தனக்கே பிடித்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் ஆப்பிளின் சொந்த மியூசிக் செயலி பல ஆண்டுகளாகப் பாட்டுக்கேற்ப வேகத்தை மாற்றாமல், பயனர் வைத்த வேகத்திலேயே எல்லாவற்றையும் அனுப்பி வந்தது. 2021-ல் ஆப்பிள் இழப்பில்லாத பாடல்களைக் கூடுதல் கட்டணமின்றித் தரத் தொடங்கியபோதுதான் பலரும் இதைக் கவனித்தார்கள். லினக்ஸில் ஆல்சா என்ற ஒலிவழியின் வன்பொருள் சாதனத்தை நேராகக் குறிப்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது.

எக்ஸ்க்ளூசிவ் என்று டிக் போட்டாயிற்று, எண்கள் உண்மையிலேயே மாறாமல் போகின்றனவா? கண்டுபிடிக்க எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை உண்டு. 90-களில் டிடிஎஸ் முறையில் சரவுண்ட் ஒலி பதிந்த சிடிக்கள் வந்தன. சாதாரண ஸ்டீரியோ சிடி போலவே அதே 16 பிட், அதே 44,100 வேகம். ஆனால் அந்த எண்கள் ஒலி அலையின் உயரங்கள் கிடையாது, சங்கேதத்தில் அடைத்த தரவு. இதை வேவ் கோப்பாக வைத்துக்கொண்டு, கணினியின் ஆப்டிகல் வழியாக டிடிஎஸ் தெரிந்த ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு அனுப்ப வேண்டும். எண்கள் மாறாமல் வந்தால் ரிசீவரின் முகப்பில் டிடிஎஸ் என்று எழுத்து மின்னும், ஐந்து ஸ்பீக்கர்களிலும் இசை எழும். பிளேயரின் வால்யூமை 100-லிருந்து 99-க்கு நகர்த்திப் பாருங்கள். எழுத்து அணைந்து, அறை முழுக்க ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் நிறையும். முதலிலேயே ஸ்பீக்கர் ஒலியைத் தாழ்த்தி வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் சோதனையில் தேறும் எந்த பிளேயரும், இலவசமோ விலை கொடுத்ததோ, டிஏசிக்குக் கொடுப்பது அச்சு அசலாக ஒரே எண்களை.

எண்கள் ஒன்றுதான், ஆனால் அவை வந்து சேரும் நேரம் முன்பின் ஆகிறதே, அந்த ஜிட்டர் கேட்காதா என்பது அடுத்த வாதம். அந்தக் காலத்து இணைப்புகளுக்கு இது நியாயமான கவலை. இன்று விற்கும் யூஎஸ்பி டிஏசிகள் பெரும்பாலும் அசிங்க்ரனஸ் வகை. கடிகாரம் டிஏசிக்குள் இருக்கிறது. கணினி ஒரு தற்காலிகச் சேமிப்பில் எண்களைக் கொட்டி வைக்கிறது, டிஏசி தன் கடிகாரத்தின்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. வருகிற வேகம் போதவில்லை என்றால் கணினியிடம் இன்னும் கேட்கிறது. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் மேல்நிலைத் தொட்டி நிரம்பியிருக்கும் வரை வீட்டில் ஒரே சீராக விழும், அதுபோல. தொட்டி வற்றினால் ‘டிக்’ என்றோ ஒரு கணம் மௌனமாகவோ தெள்ளத் தெளிவாகக் கேட்கும். ‘மேடை விரிந்தது’, ‘வயலின் மென்மையானது’ என்பது போன்ற விளைவு அதனால் வராது. பாட்டு முழுவதையும் முதலில் ரேமுக்கு ஏற்றிவிட்டு ஒலிக்கவிடுவதைச் சில பிளேயர்கள் பெருமையாகச் சொல்கின்றன. நாலு நிமிடப் பாட்டு விரித்த நிலையில் 42 மெகாபைட்தான், ஏற்றுவதில் சிரமம் இல்லை. டிஏசி எடுத்துக்கொள்வது எப்படியும் அந்தத் தற்காலிகச் சேமிப்பிலிருந்து. கணினியின் மின் இரைச்சல் யூஎஸ்பி கம்பி வழியாக டிஏசிக்குள் கசிவது மட்டும் நிஜமான தொல்லை. மவுஸை நகர்த்தும்போது ஹெட்போனில் ‘கிர்ர்’ என்று கேட்டால் அது மின்சுற்றின் வடிவமைப்பில் உள்ள கோளாறு. அதை எந்த மென்பொருளும் தீர்க்காது.

பிளேயர்கள் உண்மையிலேயே வேறுபடும் இடங்களில் முதலாவது, இரண்டு டிராக்குகளுக்கு நடுவே. கர்நாடக இசை ஆல்பம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக் என்று வெட்டியிருப்பார்கள். கச்சேரியில் தம்பூரா நிற்கவே இல்லை. எம்பி3-யாக மாற்றினால் அந்த முறை ஒலியை 1,152 அளவுகள் கொண்ட துண்டுகளாகத்தான் அடுக்கும், ஒரு துண்டு சுமார் 26 மில்லிவினாடி. பாட்டு கச்சிதமாக ஒரு துண்டின் முடிவில் முடியாது, எனவே மீதி இடம் மௌனத்தால் நிரப்பப்படும். ஆரம்பத்திலும் ஒரு தாமதம் சேரும். விளைவு, ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் தம்பூரா ஒரு கணம் அறுந்து மறுபடி ஒட்டும். லயித்துக் கேட்பவருக்கு அது பெரிய உறுத்தல். லேம் என்ற எம்பி3 மென்பொருள் எவ்வளவு மௌனம் சேர்த்தோம் என்று கோப்பிலேயே குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்து, சரியாக வெட்டி, அடுத்ததை இடைவெளியின்றி ஒட்டுகிற பிளேயர் நல்ல பிளேயர். ஃபூபார்2000, மியூசிக்பீ, ஜேரிவர் மூன்றும் இதில் தேறியவை. ஃபிளாக்கில் இந்தத் தொல்லையே இல்லை, ஆனாலும் ஒரு கோப்பு முடிந்ததும் சாதனத்தை மூடித் திறக்கிற சோம்பேறி பிளேயர் அதிலும் இடைவெளி விடும்.

இரண்டாவது, வால்யூம். கணினியில் ஒலியைக் குறைப்பது என்றால் ஒவ்வோர் எண்ணையும் ஒரு பின்னத்தால் பெருக்குவது. 6 டெசிபல் குறைத்தால் ஏறக்குறைய ஒரு பிட் கீழே நழுவுகிறது. வெளியே போகும் பாதை 16 பிட்டாகவே இருந்தால் மெல்லிய விவரங்கள் அந்த விளிம்பில் விழுந்துவிடும். பாதையை 24 பிட்டாக வைத்துவிட்டால் கீழே 8 பிட் காலியாக இருக்கும், 48 டெசிபல் வரை குறைத்தாலும் ஒன்றும் போகாது. எல்லா நல்ல பிளேயர்களிலும் அவுட்புட் பக்கத்தில் இதற்கு ஒரு தேர்வு உண்டு. 64 பிட் ஒலிப்பாதை என்று ஜேரிவர் சொல்லிக்கொள்வது ஈக்வலைசர், அறைத் திருத்தம் என்று ஒன்றன் மேல் ஒன்றாகக் கணக்குப் போடும்போது பிழை சேராமல் இருக்கப் பயன்படும். வெறுமனே ஒரு பாட்டைக் கேட்கும்போது அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

ஒலி அளவுதான் பிளேயர் ஒப்பீடுகளைப் பாழாக்கும் முதல் காரணமும்கூட. ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே அளந்து காட்டியது இது: ஒலி தாழும்போது காதுக்குத் தாழ்சுருதிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்குகின்றன. கொஞ்சம் ஏற்றினால் பாஸ் கூடிய மாதிரி இருக்கும், விவரம் கூடிய மாதிரி இருக்கும். ஒரு டெசிபலுக்கும் குறைவான ஏற்றம் ‘சத்தம் அதிகம்’ என்று மனதில் பதியாது, ‘தரம் அதிகம்’ என்றே பதியும். ஒரு பிளேயரில் ரீப்ளேகெய்ன் ஓடிக்கொண்டிருக்கும், இன்னொன்றில் அணைந்திருக்கும். டேவிட் ராபின்சன் 2001-ல் முன்வைத்த இந்த ஏற்பாடு, சத்தமான பாட்டையும் மெல்லிய பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. தினமும் கேட்க அருமையானது, 80-களின் சிடியிலிருந்து எடுத்த பாட்டுக்கும் இன்றைய பாட்டுக்கும் இடையே வால்யூமோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் அது ஓடினால் ஒப்பீடு செல்லாது.

காதை நம்பித்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் கண்ணை மறைத்துவிட்டு. ஃபூபார்2000-க்கு ஏபிஎக்ஸ் என்ற ஒரு துணைக்கருவி கிடைக்கிறது. இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் ஒன்றை ‘ஏ’ என்றும் மற்றதை ‘பி’ என்றும் வைத்துக்கொள்ளும். ‘எக்ஸ்’ எது என்று ஒவ்வொரு சுற்றிலும் ரகசியமாகச் சீட்டுப் போடும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு எக்ஸ் எது என்று சொல்ல வேண்டும். 16 சுற்றில் 12 சரியாகச் சொன்னால், அது வெறும் குருட்டு ஊகமாக இருக்க 100-க்கு 4-க்கும் குறைவான வாய்ப்பே உண்டு. சுற்றுகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும், நல்ல மதிப்பெண் வந்ததும் நிறுத்திக்கொள்ளக் கூடாது. 128 கிலோபிட் எம்பி3-க்கும் ஃபிளாக்கிற்கும் இடையே, கைதட்டலோ தாளக்கருவியோ உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் பழகினால் பலராலும் பிரித்துச் சொல்ல முடியும். 320 கிலோபிட்டில் அநேகமாக எல்லோரும் தடுமாறுவார்கள்.

சிடி தரத்துக்கு மேலே போவதால் கிடைப்பது என்ன என்பதையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் உயர்தர வட்டுகளின் ஒலிப்பாதையில் சிடி தரத்தின் இடுக்கான வாசலை நுழைத்தும் நீக்கியும் கேட்க வைத்தார்கள். 2007-ல் வெளியிட்ட முடிவு: 554 முயற்சிகளில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் அதே அளவுதான் வந்திருக்கும். லண்டனில் ஜோஷுவா ரைஸ் 2016-ல் அதுவரை வந்த 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சரியான விடைகள் 52.3 சதவீதம் என்று வந்தது. முறையாகப் பயிற்சி பெற்றவர்களிடம் இது கூடுதல். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நூலிழை. சிடி தரத்துக்கு மேலான கோப்புகளுக்கே இந்த நிலை என்றால், அதே எண்களை அனுப்பும் இரண்டு பிளேயர்களுக்கு நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கேட்பதாகச் சொல்வதை நான் ஏற்கத் தயாராக இல்லை.

விண்டோஸில் என் பரிந்துரை ஃபூபார்2000. வின்ஆம்பை உருவாக்கிய நல்சாஃப்டுக்காக முன்பு பணிபுரிந்த பியோட்டர் பாவ்லோவ்ஸ்கி 2002-ல் வெளியிட்டது. இலவசம், கைக்கடக்கம், முகம் கொஞ்சம் வறண்டது. அவுட்புட் பட்டியலிலேயே எக்ஸ்க்ளூசிவ் என்று போட்ட சாதனத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். அழகான முகம் வேண்டுபவர்களுக்கு மியூசிக்பீ, அதுவும் இலவசம். லினக்ஸில் ஸ்ட்ராபெரி, அல்லது திரையே இல்லாத ஒரு சிறு கணினியில் எம்பிடி. விஎல்சி எதைக் கொடுத்தாலும் திறக்கும், வீடியோவுக்கு அதை விட்டால் வேறில்லை. பாட்டு நூலகத்துக்கு அது ஏற்றதல்ல. மேக்கில் ஆடிர்வானா நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அதன் விலைக்கு ஈடாகக் கிடைப்பது வசதிதான், வேறு ஒலி அல்ல.

ஃபின்லாந்தில் உருவான எச்கியூபிளேயரை இந்தப் பட்டியலில் தனியாக வைக்க வேண்டும். அது எண்களை மாற்றாமல் அனுப்புவதாகச் சொல்வதே இல்லை. டிஏசி சில்லுக்குள் எப்படியும் நடக்கும் வடிகட்டல் கணக்கைக் கணினியின் பலத்தைக் கொண்டு விரிவாகச் செய்து, பல மடங்கு வேகத்தில் அனுப்புகிறது. வடிகட்டியை மாற்றினால் அலையின் வடிவம் மாறுகிறது, அளந்து பார்க்கலாம். கேட்கிறதா என்பதை மேலே சொன்ன ஏபிஎக்ஸ் முறையில் அவரவர் தீர்மானிக்கலாம். எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் அது செய்வது நேர்மையான பொறியியல்.

புளூடூத் ஹெட்போனில் கேட்பவர்களுக்கு எண் மாறாமல் அனுப்பும் இந்தப் பேச்செல்லாம் பொருந்தாது. காற்றில் அனுப்பும் முன் எஸ்பிசி, ஏஏசி போன்ற ஏதோ ஒரு முறையில் பாட்டு மறுபடி சுருக்கப்படுகிறது. ஹெட்போனின் மைக்கை ஏதேனும் செயலி திறந்துவிட்டால் பாட்டு தொலைபேசித் தரத்துக்கே இறங்கிவிடும். திடீரென்று பாட்டு தகர டப்பாவாகிவிட்டது என்று புகார் வந்தால் முதலில் மைக்கைப் பார்க்க வேண்டும்.

ஒலி சமமாகிவிட்ட பிறகு ஒரு பிளேயரோடு காலம் தள்ளவைப்பது அதன் நூலகம். தமிழ்ப் பாடல் சேகரிப்பவர்கள் இங்கே பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. எம்பி3-யின் ஆரம்பகால ஐடி3 குறிப்பில் பாட்டின் பெயருக்கு 30 பைட்தான் இடம். யுடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும், ‘இளையராஜா’ என்று எழுதினாலே 24 தீர்ந்துவிடும். யூனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் எழுதிய குறிப்புகள் இன்றைய திரையில் புரியாத சின்னங்களாக நிற்கின்றன. ஃபிளாக் கோப்பில் நீளத்துக்கு அப்படி எல்லை இல்லை, தமிழும் நேராக ஏறும். நாமே புதிய புலங்களும் சேர்க்கலாம். புலத்தின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், மதிப்பு தமிழிலேயே இருக்கலாம். ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் என்று நிரப்பி வைத்தால் ஃபூபார்2000-லும் மியூசிக்பீயிலும் கல்யாணி ராகப் பாடல்கள் அத்தனையையும், திரைப்பாட்டும் கீர்த்தனையுமாக, ஒரே சொடுக்கில் வரிசைப்படுத்திவிடலாம். ரூன் என்ற விலை உயர்ந்த பிளேயர் கலைஞர் வரலாறு, வாத்தியக்காரர் விவரம் என்று தானே கொண்டுவந்து அழகாக அடுக்குகிறது, மேற்கத்திய இசைக்கு அது அற்புதம். ஆனால் அதில் நாம் செய்யும் திருத்தங்கள் அதன் சொந்தத் தரவுத்தளத்தில்தான் தங்கும், கோப்பில் எழுதப்படுவதில்லை. ராகப் பெயர்களைக் கோப்பிலேயே எழுதி வைத்தவர் நாளை பிளேயரை மாற்றினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.